கிடங்கிலுக்குச் செல்லும் வழி

குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட மிதிவண்டி ஓட்டும் வழக்கம் பெருநகரங்களைக் கடந்து விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களையும் எட்டிவிட்டது. இலக்கிய நண்பர்களிடையே இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரு புன்னகையே பதிலாகக் கிடைக்கிறது. பணம் கொடுக்க விரும்புகிறவர் கொடுத்துவிட்டுப் போகலாமே, அதற்காக எதற்கு நாற்பது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்பது அந்தப் புன்னகையின் பொருள். கேள்வி நியாயமானது. அதைச் சிரித்துக் கடக்காமல் சற்று நின்று யோசிக்கலாம் என்று தோன்றுகிறது. அண்மையில் அப்படியோர் ஓட்டத்தில் எங்கள் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சிலர் கலந்துகொண்டோம். மிதித்தவர்கள் என்ற உரிமையிலும், தமிழ் படித்தவர்கள் என்ற பழக்கத்திலும் எங்களுக்குத் தோன்றியவற்றை இங்கே வைக்கிறோம்.

முதலில் வரலாறு. உடலை வருத்தி மருத்துவத்துக்கு நிதி திரட்டும் வழக்கம் இன்றைய வடிவத்தைப் பெற்றதில் 1980ஆம் ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரலில், புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபாக்ஸ் என்ற கனடிய இளைஞர் செயற்கைக் காலுடன் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் வழியிலேயே நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு மறைந்தார். அவர் பெயரிலான ஓட்டத்தைச் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களும் நடத்தியிருக்கிறார்கள். அதே 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர், புற்றுநோயால் இறந்த தம் தாயின் நினைவாக 36 பேருடன் ஒரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் திரண்டது சுமார் 10,200 டாலர். ஆண்டு தவறாமல் நடந்துவரும் அந்தப் பயணம் இதுவரை திரட்டிய தொகை 2024இல் நூறு கோடி டாலரைக் கடந்துவிட்டது. அவ்வளவும் பாஸ்டன் நகரின் டேனா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குச் செல்கிறது. கனடாவில் 2016 முதல் நடக்கும் இன்னொரு ஓட்டம் டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையான சிக்கிட்ஸுக்கானது. அங்கே குறித்த பாதையோ குறித்த நாளோ கிடையாது. ஒரு மாதத்துக்குள் அவரவர் ஊரில், அவரவர் தெருவில் ஓட்டிய தொலைவைக் கணக்கிட்டு, சுற்றத்தாரிடம் அவரவரே நிதி கேட்க வேண்டும்.

நமக்கு மிக அருகில் ஓர் உதாரணம் இலங்கையில் இருக்கிறது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 2011 ஜூலையில், தென்முனையான தெவுந்தரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீட்டரை 27 நாள்களில் நடந்தார்கள். அது மிதிவண்டிப் பயணம் அன்று, நடைப்பயணம். யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளிகள் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம வரை சென்று திரும்ப வேண்டியிருந்த நிலையில், தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்ட நிதி திரட்டுவதே நோக்கம். 2016இல் எதிர்த்திசையில், வடக்கிலிருந்து தெற்கே காலி நகருக்காக, மீண்டும் நடந்தார்கள். நடக்காமலேயே இந்தப் பணத்தைத் திரட்டியிருக்க முடியாதா? முடிந்திருக்கலாம். ஆனால் சிங்கள ஊர்களின் சிறுவர் தங்கள் உண்டியல் காசை முகம் காணாத வடக்குக்காகக் கொடுக்க, யாராவது அந்த ஊர்களின் வழியாக நடந்துதான் ஆகவேண்டியிருந்தது. மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நடந்தவர்களின் கால்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டன.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்கிறவர் அறிந்தோ அறியாமலோ செல்வது ஓய்மாநாட்டுக்குள். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அவனுடைய ஊர்களுள் ஒன்றான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. பாட்டின் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று கொள்வர். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் அமைப்பு எளியது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனிடம், எந்த வழியே போனால் எவரெவர் சோறிடுவர், யாரிடம் சென்றால் வறுமை தீரும் என்று சொல்லி அனுப்புகிறான். கரையில் பரதவர் சுட்ட மீன் தருவார்கள், உள்நாட்டில் உழவர் மகளிர் வெண்சோற்றுடன் நண்டு தருவார்கள் என்று வழிநெடுகிலும் உணவு சொல்லப்படுகிறது. ஆற்றுப்படையில் கொடையாளியின் புகழுக்கு இருக்கும் அளவு இடம் வழிக்கும் இருக்கிறது. தேவைப்படுகிறவன் கொடையிடம் சென்று சேர்வதே பெரும்பாடு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மிதிவண்டிப் பயணம் ஒருவகையில் இதன் தலைகீழ் வடிவம் எனலாம். அங்கே தேவையுள்ளவன் நடக்கிறான். வள்ளல் ஓரிடத்தில் இருக்கிறான். இங்கே தேவையுள்ளவர் படுக்கையில் இருக்கும் ஒரு குழந்தை. அது நடக்க இயலாது. அதற்காக இன்னொருவர் வழியில் இறங்கி, எதிர்ப்படுகிறவர்களிடம் கேட்கிறார். தனக்காகக் கேட்பதற்கு நா கூசும். பிறருக்காகக் கேட்கும்போது அந்தக் கூச்சத்தைக் கடக்க ஏதோ ஒரு விலை கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அந்த விலைதான் வியர்வை என்று நினைக்கிறோம். 'நான் இவ்வளவு தூரம் மிதிக்கிறேன், நீங்கள் இவ்வளவு தாருங்கள்' என்று ஓர் ஆசிரியர் தம் மாமாவிடமோ பழைய மாணவரிடமோ கேட்க முடிகிறது. வெறுங்கையுடன் கேட்டிருந்தால் அவரும் கேட்டிருக்கமாட்டார், இவரும் கொடுத்திருக்கமாட்டார். புன்னகைக்கும் நண்பர்களுக்கு எங்கள் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் தொலைவைப் பற்றியது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும் சாலை. மிதிவண்டியில் ஒரு காலைப்பொழுது முழுதும் ஆகிறது. நால்வழிச் சாலையின் ஓரத்தில், ஆம்னிப் பேருந்துகளின் காற்று தோளைத் தள்ள, எதிர்க்காற்றில் மிதிக்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டர்க் கல்லும் தன் எண்ணை உரக்கச் சொல்கிறது. அந்தச் சாலையில்தான் நம் பகுதிக் குடும்பங்கள் நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு செல்கின்றன. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவதென்றால் விழுப்புரத்திலிருந்து 160 கிலோமீட்டர். ஒருமுறை போய்வருவது பெரிதன்று. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் விடாமல் சிகிச்சை தரவேண்டும். அத்தனை முறையும் போய்வர வேண்டும்.

இதில் பணயமாக இருப்பது என்ன என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. செல்வ நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். பல வறிய, நடுத்தர வருவாய் நாடுகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த விகிதத்தை 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 ஆக்க வேண்டும் என்று 2018இல் அந்நிறுவனம் இலக்கு வைத்தது. இடைவெளிக்கான காரணங்களில் தாமதமாகக் கண்டறிவதும் மருந்துத் தட்டுப்பாடும் உண்டு. இன்னொரு காரணம், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் இழந்த நாள்கூலியும் இலவசமாகக் கிடைப்பதில்லை. கரும்பு வெட்டப் போகும் தகப்பன் வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் மற்ற குழந்தைகளுக்கு உலை ஏறாது. முதல் சில மாதங்களில் குழந்தை தெளிந்து விளையாடத் தொடங்கியதும், 'சரியாகிவிட்டது' என்று எண்ணி நிறுத்திவிடுவதும் நேர்கிறது. நோய் திரும்பி வரும்போது சிகிச்சை முன்பைவிடக் கடினமாகிவிடுகிறது.

அந்த மருந்தின் வரலாறு நம்மவர் ஒருவருடையதும்கூட. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். பத்துப் பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்நோய்க்கு மருந்தே கிடையாது. அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அவர் அமெரிக்கா செல்லப் பயணச் செலவைத் தந்தவர்களில் மாமனாருடன் காக்கிநாடாவின் ஓர் அறக்கட்டளையும் உண்டு. அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட், இன்றும் நம் குழந்தைகள் மாதக்கணக்கில் உட்கொள்ளும் மாத்திரை. யாரோ ஒரு கொடையாளி ஓர் இளைஞருக்குக் கொடுத்த கப்பல் கட்டணம் எங்கே போய் முடிந்திருக்கிறது! வழிச்செலவைச் சிறிய அறமாக எண்ண முடியவில்லை.

இவ்வளவு சொன்னதால் இத்தகைய ஓட்டங்கள் அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கிறோம் என்று கொள்ள வேண்டாம். எங்களுக்கு மூன்று மனக்குறைகள் உண்டு.

முதலாவது, படம். நாங்கள் கலந்துகொண்ட ஓட்டத்தில் தலைமயிர் கொட்டிய ஒரு குழந்தையின் முகம் ஆளுயரப் பதாகையில் அச்சாகியிருந்தது. இரக்கத்தைத் தூண்டுவதற்கு அதைவிடக் கைகண்ட வழி இல்லை என்று அமைப்பாளர்கள் நம்பினார்கள், நல்லெண்ணத்துடன்தான். ஆனால் சிறுபாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்கு அங்கே ஒரு காட்சி உறுத்தாமல் இராது. பாணனின் வீட்டில் அடுக்களைச் சுவர் கறையான் அரித்துக் கிடக்கிறது. ஈன்ற நாய் குரைக்கிறது. அவன் மனைவி குப்பையில் கிள்ளி வந்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள். அதை உண்ணும்போது கதவை அடைத்துக்கொள்கிறாள், புறம் பேசுவோர் பார்த்துவிடக் கூடாது என்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வறுமைக்கு ஒரு கதவு உண்டு என்று ஒரு புலவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கதவைத் திறந்து படம் எடுக்க நமக்கு என்ன உரிமை? பாஸ்டனிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1948இல் வானொலியில் நிதி கேட்டபோது, ஃபார்பரின் நோயாளியான சிறுவனின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'ஜிம்மி' என்றே அழைத்தார்கள். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அந்தச் சிறுவன் பிழைத்து வளர்ந்து, அரை நூற்றாண்டு கழித்து 1998இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டான். பெயரையும் முகத்தையும் மறைத்தாலும் உதவி வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, தொடர்ச்சி. காஞ்சிபுரத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுகிறது. படுக்கைகள் பதினைந்து. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்டிர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், ஆண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவை என்று அனைத்தும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே கொடை என்பது ஒருநாள் உற்சாகமன்று; ஆண்டுதோறும் விளைய வேண்டிய நிலத்தின் வருவாய். நம் ஓட்டங்களோ பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி, நினைவுப் பரிசும் சிற்றுண்டியுமாக அன்றே முடிந்துவிடுகின்றன. மூன்று ஆண்டு சிகிச்சைக்கு ஒருநாள் கொடை போதாது. அந்தக் கல்வெட்டு இன்னொன்றையும் கற்பிக்கிறது. கணக்கு எல்லாரும் படிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். திரண்டது எவ்வளவு, பனியனுக்கும் பதாகைக்கும் போனது எவ்வளவு, மருத்துவமனைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று எழுதி ஒட்டக் கருங்கல் தேவையில்லை, ஒரு தாள் போதும்.

மூன்றாவது, அரசின் கடமை. குழந்தைக்கு மருத்துவம் கிடைப்பது வள்ளன்மையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்ற கொள்கை தமிழ்நாட்டில் வேரூன்றியது. 2009இல் தொடங்கிய உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம், பின்னர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி இன்றும் தொடர்கிறது. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. இந்தச் சாதனையை நன்கொடை விழாக்கள் மறக்கடித்துவிடக் கூடாது. நாம் மிதித்துத் திரட்டும் பணத்தில் கருவி வாங்கிக் கொடுத்தால், கருவி வாங்க வேண்டியவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே அரசின் கை முடியும் இடத்திலிருந்து நம் கை தொடங்குவதே முறை. அந்த இடம் எங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது: பேருந்துக் கட்டணம், துணையிருக்கும் தாய்க்கு மூன்று வேளைச் சோறு, படுக்க ஒரு பாய், பாதியில் நின்ற குடும்பத்தைத் தேடிப்போய்க் கதவைத் தட்ட ஓர் ஆள். மும்பையில் 2006இல் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்கும் வந்திருக்கும் செயின்ட் ஜூட்ஸ் இல்லங்கள், சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளின் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கின்றன. நாம் செய்யக் கூடியது எது என்பதற்கு அதுவே நல்ல வழிகாட்டி.

மிதிவண்டியைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியில் அது விளையாட்டுக் கருவியாக வந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டி ஏறவைத்தபோது, அது எழுத்தறிவோடு சேர்ந்த விடுதலையாக இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு மாணவர்களுக்கு விலையின்றி மிதிவண்டி வழங்கத் தொடங்கியபின், மயிலம் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது அதன்மீதுதான். எங்கள் ஓட்டத்திலும் லட்ச ரூபாய் வண்டிகளுக்கு நடுவே பின்சக்கரம் கோணிய பள்ளிக்கூட வண்டிகள் சில வந்தன. எல்லாம் ஒரே திண்டிவனத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. நுழைவுக் கட்டணம் வைக்கிறவர்கள் இந்த இரண்டாவது வகை வண்டிகளை மனத்தில் வைக்க வேண்டும். கொடுக்கும் உரிமை பணமுள்ளவர்களுக்கு மட்டுமே உரியதன்று. ஓய்மாநாட்டில் பாணனுக்கு முதலில் சோறிட்டவர்கள் அரசர்கள் அல்லர், வழியோரத்துப் பரதவரும் உழவரும்தான்.

ஆகவே வாசகர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் இப்படியோர் ஓட்டம் அறிவிக்கப்பட்டால் விலகி நின்று புன்னகைக்க வேண்டாம். போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். குழந்தையின் முகத்தைக் காட்டாமல் கேட்க முடியுமா? கணக்கை வெளியிடுவீர்களா? அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வருவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால், வண்டியை எடுத்துத் துடைத்துக் காற்றடித்துக்கொண்டு புறப்படலாம். மிதிக்க முடியாதவர்கள் மிதிக்கிறவருக்குப் பணம் கொடுக்கலாம். அதுவும் முடியாதவர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எந்த மருத்துவமனைக்கு எந்தப் பேருந்தில் போவது, காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்ப்பது என்று சொல்லி அனுப்பலாம். ஆற்றுப்படுத்துவது என்றால் அதுதானே.